இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டுக்கு ரேஷன் அரிசி கிடைக்குமா?

கேள்வி இது: "நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் பைக்கில் டெலிவரி. இரண்டு பேர் வருமானமும் சேர்த்தால் மாதம் 28,000 வரும். வாடகை வீடு. மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, மகன் அங்கன்வாடி. எங்கள் இருவர் பெயரும் மகள் பெயரும் உசிலம்பட்டிப் பக்கம் மாமியார் கார்டில் இருக்கிறது. மகனை எதிலும் சேர்க்கவில்லை. எங்களுக்குத் தனிக் கார்டு கிடைக்குமா? இலவச அரிசி ஏழைகளுக்குத்தானே, இரண்டு சம்பளம் வாங்குகிறவர்கள் போய் வரிசையில் நிற்கலாமா என்று கூட வேலை செய்யும் தோழி கேட்கிறார். வாங்குவது தப்பா?"

கிடைக்கும். தப்பும் இல்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி வாங்க உங்கள் வருமானம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் கேட்க முடியாது. வழங்கல் அலுவலகத்தில் நெடுநாள் எழுத்தர் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்கிறேன். உங்களைப் போன்ற வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தகுதி ஒருநாளும் சிக்கல் இல்லை. நேரமும் முகவரியும்தான் சிக்கல். கடை திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் கம்பெனிக்குள் இருப்பீர்கள். விசாரணைக்கு ஆள் வரும்போது வீடு பூட்டியிருக்கும். அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் தோழியின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த எண்ணம் பலருக்கு இருக்கிறது.

1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் மலிவு விலை. மற்ற பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. தமிழ்நாடு போகவில்லை; அரிசி வேண்டும் என்கிற எல்லோருக்கும் கொடுப்போம் என்று நின்றது. நடுவில் ஒருமுறை சறுக்கியது. ஜெயலலிதா ஆட்சியில் குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் உள்ளவர்களின் கார்டில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். மாதச் சம்பளம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவன் மாட்டிக்கொண்டான். கணக்கில் வராத வருமானம் உள்ளவன் தப்பித்தான். 2004 மக்களவைத் தேர்தலில் தன் கட்சிக்கு ஒரு இடம் கூடக் கிடைக்காமல் போனதும் ஜெயலலிதாவே திரும்பப் பெற்ற முடிவுகளில் அந்த முத்திரையும் ஒன்று. அதன் பிறகு 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 1967-இல் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி ஓட்டு வாங்கிய மாநிலம் இது. இங்கே அரிசியில் கை வைத்தால் ஆட்சியே ஆடும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

அப்புறம் 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு தயங்கித் தயங்கி 2016 நவம்பர் 1 முதல் அதில் சேர்ந்தது. அந்தச் சட்டம் மாநிலத்துக்கு ஓர் அளவு வைத்தது: கிராமப்புறத்தில் 62.55 சதவீதம் பேர், நகர்ப்புறத்தில் 37.79 சதவீதம் பேர். அந்த அளவுக்குள் வருகிற குடும்பத்துக்கு 'முன்னுரிமை' என்று பெயர். 2017 ஜூலையில் யாரெல்லாம் முன்னுரிமைக் குடும்பம் இல்லை என்று மாநில அரசு விதி வெளியிட்டபோது பெரிய கூச்சல் எழுந்தது. வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுகிறவர் இருந்தால் இல்லை, கார் இருந்தால் இல்லை, ஏசி இருந்தால் இல்லை, மூன்று அறை உள்ள கான்கிரீட் வீடு இருந்தால் இல்லை, ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கு மேல் இருந்தால் இல்லை.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். பனியன் கம்பெனியில் உருப்படியாக வேலைக்குப் போகிற எந்த ஒற்றை ஆளும் அதைத் தாண்டிவிடுவார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கேட்கவே வேண்டாம். உழைத்துச் சம்பாதிக்கிற, ஆனால் கையில் எதுவும் மிஞ்சாத குடும்பங்களை அப்படியே வெளியே தள்ளுகிற கோடு அது. தெருவில் கூச்சல் எழுந்ததும் அப்போதைய உணவுத்துறை அமைச்சர் இரா. காமராஜ், எல்லோருக்கும் அரிசி என்பதில் மாற்றமில்லை என்று விளக்கம் கொடுத்தார். இன்றுவரை நடைமுறையும் அதுதான். முன்னுரிமைக் குடும்பத்துக்கான அரிசி மத்திய அரசுக் கணக்கில் வரும். முன்னுரிமை அல்லாதவருக்கான அரிசியில் ஒரு பகுதியை மத்திய அரசிடம் கிலோ 8 ரூபாய் 30 காசுக்கு வாங்கி, மீதிக்கும் மாநிலமே செலவு செய்து, உங்களுக்குச் சும்மா தருகிறது. உணவு மானியத்துக்கு மாநிலம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது என்றால் அதில் உங்களைப் போன்ற வீடுகளும் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. யாருடைய பங்கையும் நீங்கள் எடுக்கவில்லை.

இன்னொன்றும் தோழியிடம் சொல்லுங்கள். நீங்கள் வாங்காமல் விட்ட அரிசி பக்கத்து வீட்டு ஏழைக்குப் போகாது. அவருக்கு அவர் கார்டுக்கான அளவுதான். வாங்காத கார்டுகள் அதிகம் உள்ள கடையில்தான் அந்தக் காலத்தில் 'அட்ஜஸ்ட்மென்ட்' நடந்தது. ஆளே வராத கார்டில் பில் போட்டு மூட்டை வேறு பக்கம் போகும். கைரேகை வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. உண்மையிலேயே வேண்டாம் என்றால் உரிமையை விட்டுக்கொடுக்கும் வசதி இணையதளத்தில் இருக்கிறது. செய்யக் கூடாத ஒன்று, வாங்கி வெளியே விற்பது. கிலோவுக்கு ஐந்து, பத்து என்று வீடு வீடாக வந்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டிப் போய் பாலிஷ் போட்டுத் திரும்பிவரும் அரிசி அது. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் குற்றம். குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுப் போலீஸ் என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

சரி, கார்டுக்கு வருவோம்.

ஸ்மார்ட் கார்டின் முன்பக்கம் ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏஏஒய் சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பங்களுக்கான கார்டு, மாதம் 35 கிலோ. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லை, ஆனால் அரிசி உண்டு. அதன் பின்னால் எஸ் இருந்தால் சர்க்கரைக் கார்டு. அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை. என்சி இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது. உங்களுக்குப் பெரும்பாலும் என்பிஎச்எச் கிடைக்கும். விண்ணப்பத்தில் கார்டு வகை கேட்கும் இடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் பையன் அவசரத்தில் சர்க்கரையையோ 'பொருள் இல்லை' என்பதையோ அமுக்கிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. சர்க்கரைக் கார்டை அரிசிக் கார்டாக மாற்றிக்கொள்ள அரசு அவ்வப்போதுதான் பொதுவாக அனுமதி கொடுத்தது. 2019-இலும் 2020-இலும் கொடுத்தார்கள். கௌரவத்துக்காகச் சர்க்கரைக் கார்டு வாங்கிய பல குடும்பங்கள் 2021-இல் அரிசிக் கார்டுகளுக்குக் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய் வந்தபோது விழித்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அளவு எவ்வளவு? முன்னுரிமை அல்லாத அரிசிக் கார்டில் பெரியவர் ஒருவருக்கு 12 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு பெரியவருக்கும் 4, குழந்தைக்கு அதில் பாதி. உச்சவரம்பு 20 கிலோ. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் சரியாக 20 வந்துவிடும். முன்னுரிமைக் கார்டு என்றால் தலைக்கு 5 கிலோ, உச்சவரம்பு இல்லை. சிறிய குடும்பமாக இருந்தால் பழைய 12 முதல் 20 வரையிலான அளவு குறையாமல் கிடைக்கும். ஆக நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கார்டுக்கும் அரிசியில் வித்தியாசமே இல்லை. ஐந்தாவது ஆள் வரும்போதுதான் 20, 25 என்று பிரியும். முன்னுரிமைக் கார்டுக்கு அலைந்து ஒரு நாள் கூலியை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் கதை வேறு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் பெங்களூருவில் போய் அரிசி வாங்க முன்னுரிமைக் கார்டோ அந்தியோதயா கார்டோ வேண்டும். என்பிஎச்எச் கார்டு மாநிலச் செலவில் ஓடுவது, ஓசூரைத் தாண்டினால் செல்லாது. உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் ஆட்கள் இங்கே கைரேகை வைத்து அரிசி வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் ஊர் முன்னுரிமைக் கார்டில் வருவது, தலைக்கு 5 கிலோ தானியம் மட்டும். நம் பருப்பு, பாமாயில் அவர்களுக்குக் கிடையாது.

பருப்பு என்றதும் நினைவு வருகிறது. அரிசியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மாதச் செலவில் கை கொடுப்பது பருப்பும் எண்ணெயும்தான். 2007-இல் தொடங்கிய சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25, தலைக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ. கடைத்தெரு விலை ஏறி இறங்கும். தோராயமாகப் போட்டால் பருப்பில் ஒரு நூறு, எண்ணெயில் ஒரு நூறு, சர்க்கரையில் நாற்பது மிச்சமாகும். 20 கிலோ அரிசியைக் கிலோ 40 என்று வைத்தால் 800. ஆக மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் வருமானத்தில் இது பெரிய பங்கு இல்லைதான். ஆனால் ஆர்டர் இல்லாமல் கம்பெனி வாரத்தில் மூன்று நாள் ஓடும் மாதத்திலும் இது குறையாமல் வரும். வாரச் சம்பளக்காரர்களுக்கு இந்தப் பொருளின் அருமை தெரியும். கோதுமையும் இருப்பைப் பொறுத்து இலவசம். ஆனால் அது உங்கள் அரிசி அளவில் கழியும், கூடுதலாக வராது.

விண்ணப்பம் டிஎன்பிடிஎஸ் என்கிற அரசு ரேஷன் இணையதளத்தில் போட வேண்டும். குடும்பத் தலைவி இடத்தில் உங்கள் படத்தையே வையுங்கள். எல்லோருடைய ஆதார், முகவரிச் சான்று, கேஸ் இணைப்பு விவரம் வேண்டும். மகனுக்கு ஆதார் எடுக்கவில்லை என்றால் முதலில் எடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது பழைய கார்டிலிருந்து பெயர் நீக்கம். மூன்று பேர் பெயரும் அங்கே இருக்கும்வரை புதிய விண்ணப்பம் நகராது. ஆதார் எண்ணை வைத்து கம்ப்யூட்டரே திருப்பிவிடும். நீக்கத்தையும் அதே இணையதளத்தில் செய்யலாம், உசிலம்பட்டி வரை போக வேண்டியதில்லை.

முகவரியில்தான் திருப்பூர் மாதிரி ஊரில் இழுபறி. லைன் வீட்டுக்காரர்களில் பலர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார்கள், கரண்ட் பில் நகல் கேட்டாலே முகம் மாறும். கார்டு வாங்கிவிட்டால் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள் என்று ஒரு பயம், வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடும் என்று இன்னொரு பயம். ரேஷன் கார்டால் வீட்டின்மேல் ஒரு உரிமையும் வராது என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். மசியாவிட்டால் வேறு வழி உண்டு. வாக்காளர் அட்டையை இந்த முகவரிக்கு மாற்றுங்கள். கேஸ் புத்தகத்தையும் வங்கிப் பாஸ்புக்கையும் அப்படியே மாற்றுங்கள். அவற்றைக் கொண்டு ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். கொஞ்ச நாள் எடுக்கும். ஆனால் ஆதாரும் கேஸும் ஒரே முகவரியைக் காட்டினால் விசாரணைக்கு வருகிறவருக்குக் கேட்க அதிகம் இருக்காது.

அந்த விசாரணைதான் உங்களைப் போன்ற வீடுகள் தட்டுப்படும் இடம். வருவாய் ஆய்வாளரோ வழங்கல் அலுவலக ஆளோ வேலை நாளில், வேலை நேரத்தில்தான் வருவார். இங்கே குடியிருக்கிறார்களா, தனியாகச் சமைக்கிறார்களா என்று பார்ப்பார். அடுப்பும் சிலிண்டரும் நாலு பாத்திரமும் கண்ணில் பட்டால் வேலை முடிந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால்? கதவில் பூட்டு. 'விண்ணப்பதாரர் குறிப்பிட்ட முகவரியில் இல்லை' என்று எழுதி நிராகரித்துவிடுவார்கள். நான் பார்த்த நிராகரிப்புகளில் பொய்யான விண்ணப்பத்தைவிடப் பூட்டிய வீடுகள்தான் அதிகம். விண்ணப்பத்தில் எப்போதும் எடுக்கும் செல் நம்பரைக் கொடுங்கள். கம்பெனியில் போனை வாங்கி வைப்பார்கள் என்றால் கணவர் நம்பர். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வையுங்கள், ஆள் வந்தால் போன் போடச் சொல்லுங்கள். விண்ணப்பித்து ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் குறிப்பு எண்ணோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் வட்டத்துக்கு ஒன்று நடக்கும். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். ஆயிரம் தருகிறேன், இரண்டாயிரம் தருகிறேன், முடித்துக் கொடு என்று யாரிடமும் பேசாதீர்கள். அலுவலக வாசலில் நிற்கும் ஆட்கள் செய்வதும் இதே இணையதள விண்ணப்பம்தான். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட வழங்கல் அலுவலருக்கு மேல்முறையீடு, அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு.

கார்டு வந்த பிறகு கடை. சென்னைக்கு வெளியே பெரும்பாலான கடைகள் காலை 9 முதல் 1, பிற்பகல் 2 முதல் 6. நீங்கள் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டுக்கு வெளியே வருகிறவர். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை திறந்திருக்கும். அதற்குப் பதிலாக முதல் இரண்டு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும் வழியில் வாங்கிவிடலாம். பண்டிகை மாதங்களில் இது மாறும், கடைப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு தொல்லையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் "அரிசி இருக்குங்க, பருப்பு லோடு இன்னும் வரலைங்க" என்பார். எல்லாப் பொருளையும் ஒரே நாளில் வாங்கியாக வேண்டும் என்று இல்லை. வந்ததை வாங்கிக்கொண்டு மீதியைப் பின்னால் வாங்கலாம். அரிசி வாங்கும்போதே எல்லாவற்றுக்கும் சேர்த்து பில் போட அனுமதிக்காதீர்கள். கைரேகை வைத்த சில நொடியில் செல்லுக்குக் குறுஞ்செய்தி வரும். அதைக் கடை வாசலிலேயே படியுங்கள். கையில் வராத பொருள் அதில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் தட்டுப்பாடாகி, வாங்காதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. பில்லில் ஏற்கெனவே வாங்கியதாகப் பதிவானவர்களுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? புகார் என்றால் 1967 அல்லது 1800 425 5901. டீத்தூள், உப்பு, சோப்பு வாங்கினால்தான் அரிசி என்று யாராவது சொன்னால் அதற்கும் இதே எண்தான். அவை விருப்பப்பட்டால் வாங்குகிற பொருள்கள், கட்டாயம் கிடையாது. எடைக்குறைவும் அப்படித்தான். தராசில் வாளியோடு நிறுத்தினால் வாளி எடையைக் கழிக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் விற்பனையாளரைத் திருடன் போலவும் பார்க்க வேண்டாம். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே சிலசமயம் எடை குறைந்து வருகிறது. அந்தக் குறைவு அவர் தலையில் விழுகிறது.

கைரேகை விழாமல் போவது இன்னொரு பாடு. சாயப்பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும், பிசிறு வெட்டுபவர்களுக்கும், நாள் முழுக்கத் துணியைத் தேய்த்து எடுப்பவர்களுக்கும் விரல் ரேகை மழுங்கியிருக்கும். இயந்திரம் நாலு தடவை சிவப்பு விளக்குக் காட்டினால் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பிப்பார்கள். விரலை ஈரத்துணியில் துடைத்து வேறு விரலை வையுங்கள். கார்டில் பெயருள்ள யார் வேண்டுமானாலும் வைக்கலாம், நீங்கள்தான் வர வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த செல்லுக்கு வரும் ஓடிபியும் கருவிழிக் கருவியும் பல கடைகளில் உண்டு. உங்கள் கடையில் கூட்டம் என்றால் வேறு கடையிலும் வாங்கலாம். 2020 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் கடைக்குச் சரக்கு அதன் சொந்தக் கார்டுக் கணக்கில்தான் வருகிறது. ஆகவே மாதக் கடைசியில் போய் நின்றால் வெளிக் கார்டுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். பத்தாம் தேதிக்குள் போங்கள்.

அரிசியின் தரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு மாதம் வெள்ளையாக வரும், அடுத்த மாதம் பழுப்பும் வாடையுமாக வரும். வாடை அடித்தால் அன்றே திருப்பிக் கொடுத்து வேறு மூட்டையிலிருந்து கேட்கலாம், அது உங்கள் உரிமை. சோற்றுக்கு ஒத்துவராத அரிசி மாவுக்கு ஒத்துவரும். ரேஷன் புழுங்கலில் இட்லி பஞ்சு போல வரும் என்று சொல்லும் வீடுகள் கொங்குநாட்டில் எத்தனையோ. கழுவும்போது சில அரிசி மட்டும் மேலே மிதந்து, மற்றதைவிட வெளுத்துத் தெரியும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வருவது இதைத்தான். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தது. பொறுக்கி எறிந்தால் கலந்ததே வீண். வீட்டில் யாருக்காவது தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்கு அரிசியைவிடப் பெரிய உதவி என்று நான் நினைப்பது காலைச் சிற்றுண்டி. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் 2024-இல் கிராமப்புறத்துக்கும் 2025-இல் நகர்ப்புறத்துக்கும் நீட்டித்தார்கள். உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு என்பதால் ஐந்து முடியும்வரை கிடைக்கும்: உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடக் காய்கறிச் சாம்பார். கம்பெனி வேன் வரும் நேரத்தில் அடுப்படியில் நின்று பிள்ளைக்கு ஊட்டுவதா, கிளம்புவதா என்று தவிக்கிறவர்களுக்கு இதன் அளவு தெரியும். இதற்குக் கார்டும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். மதியம் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை உண்டு. சின்னவனுக்கு அங்கன்வாடியில் சத்துமாவும் மதியச் சாப்பாடும். "நம்ம பிள்ளை ஸ்கூல்ல சாப்பிடறதா" என்று டப்பா கட்டி அனுப்பும் வழக்கம் இருந்தால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து அவளே சாப்பிடுவாள். கணவருக்கு மதியம் வண்டியிலேயே கழிகிறது என்றால் மாநகராட்சி அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது வைத்த விலைதான், இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு ரேஷன் கார்டு அடிப்படை, ஆனால் வருமான வரம்பு தனி. 2023-இல் வகுத்த விதிப்படி குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் 28,000 என்பது எல்லா மாதமும் வருவதாக இருந்தால் ஆண்டுக்கு 3.36 லட்சம். அது தாண்டிவிடும்.

கடைசியாக, மாமியார். பெயர் நீக்கத்தை இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். சொல்லாமல் நீக்கினால் அடுத்த மாதம் கடையில் அவருக்கு அரிசி குறையும்போதுதான் தெரியும். அது பெரிய மனத்தாங்கலாகிவிடும். இப்படி அலுவலகத்துக்கே சண்டையாக வந்த குடும்பங்கள் உண்டு. கணக்கைச் சொல்லியே பேசுங்கள். அவர் கார்டு என்பிஎச்எச் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேர் பெயர் இருந்தும் இப்போது அவருக்கு வருவது 20 கிலோதான். உங்கள் மூவர் பெயரும் போய் மாமனாரும் மாமியாரும் மட்டும் இருந்தால் 16 கிலோ. அவருக்குக் குறைவது 4 கிலோ, உங்களுக்குப் புதிதாக வருவது 20. பருப்பும் எண்ணெயும் கார்டுக்கு ஒன்று என்பதால் அவருக்கு அது குறையவே குறையாது. பிஎச்எச் கார்டாக இருந்தால் 25-லிருந்து 16-க்கு இறங்கும், அது அவருக்குக் கொஞ்சம் கண்ணில் படும் வித்தியாசம். இப்போது அவர் சாக்கில் கட்டி பஸ்ஸில் உங்களுக்கு அரிசி அனுப்புகிறார் என்றால், இனி அந்தச் சுமைக்கூலி மிச்சம் என்றும் சொல்லலாம். அவர் சரி என்ற பிறகு நீக்கத்தைப் போட்டு, அதற்கு வரும் ஒப்புதலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு புதிய விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.